எங்கடா பிரேக்கு புடிக்கிறான்?

மலைச்சாலையில் ஒரு மஞ்சள் கார் ஓடுவதை நான் எடுத்த வீடியோவை அப்பா மூன்று தடவை பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. அதனால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். மூன்றாவது தடவை முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்கடா பிரேக்கு புடிக்கிறான்?" என்றார். நான் என்னவோ சொல்லி மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏழெட்டு மாதம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் ஏறிய நெருஞ்சி முள்ளாக, நடக்கும்போதெல்லாம் தட்டுப்படுகிறது.

அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். கிருஷ்ணகிரி கிரானைட், மாங்கூழ் பீப்பாய், என்ன லோடு கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போவார். தொப்பூர் கணவாயில் எத்தனை தடவை இறங்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கு கிடையாது. நான் தர்மபுரியில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச எதுவும் இருந்ததில்லை. அந்த மஞ்சள் நிறக் கார்தான் எங்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தது.

காரின் சொந்தக்காரர் ஓசூர்க்காரர். சின்னத் தொழிற்கூடம் ஒன்று வைத்து, வாகன உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறார். பாலக்கோட்டில் அவர் உறவுக்காரர் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் போன் செய்தார். "பிரதர், கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய எடுக்கற மாதிரி என் வண்டிய எடுக்கணும்." வண்டி, இரண்டாம் கையாக வாங்கிய போர்ஷே 718 பாக்ஸ்டர். இருபது வயதில் சுவரில் படம் ஒட்டி வைத்தவர், நாற்பத்திரண்டு வயதில் வாங்கியிருக்கிறார். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அதே பணத்துக்கு நாலு மாடி கட்டி, மூன்று மாடியை வாடகைக்கு விட்டிருப்பார்கள்.

இரண்டே இருக்கை. என்ஜின், முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதனால் முன்பக்கம் ஒரு டிக்கி, பின்பக்கம் ஒரு டிக்கி. என் டிரைபாட் இரண்டிலும் நுழையவில்லை என்பது வேறு விஷயம். 1,988 சிசி, டர்போ, 300 குதிரைத்திறன். நாலு சிலிண்டரும் நிற்காமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. இதற்கு முந்தைய பாக்ஸ்டரில் ஆறு சிலிண்டர். 2016இல் 718 என்று பெயர் மாற்றி நாலாகக் குறைத்தபோது, சத்தம் போச்சே என்று ரசிகர்கள் புலம்பித் தீர்த்தார்கள். நம்மவருக்கும் அந்தக் குறை இருந்தது. "சவுண்டு மட்டும் கொஞ்சம் பாத்து ஏத்திக் குடுங்க பிரதர்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நிறம் கொஞ்சம் கம்மி, பார்த்துச் செய்யுங்கள் என்று பெண் வீட்டில் காதோடு சொல்வார்களே, அந்தக் குரல்.

இடம் நான் சொன்னது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. இந்தக் கணக்கெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம், எல்லாரும் எடுத்தும் முடித்துவிட்டார்கள். ஏற்காட்டில் எந்த நாள் போனாலும் வண்டிக்குப் பின்னால் வண்டி. வத்தல்மலை எங்கள் மலை. தர்மபுரியிலிருந்து காலையில் கிளம்பினால் டீ ஆறுவதற்குள் அடிவாரம் என்று சொல்லலாம். வளைவும் இருபதுக்கு மேல் இருக்கிறது. பால்சிலம்பு, பெரியூர் என்று மேலே சிற்றூர்கள். காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு. வாரநாளில் பெரிய கூட்டம் கிடையாது. ட்ரோன் கேட்டார். சுற்றிலும் வனம், வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்றேன். சரி என்று விட்டுவிட்டார். பொங்கல் முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை காலை ஆறரைக்கு அடிவாரத்தில் நின்றோம்.

வேகம் சமைப்பது

முதல் தடவை ஏறி இறங்கியதும், கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "என்ன பிரதர், மாட்டு வண்டி மாதிரி போவுது?" உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு தொண்டைக்கு வந்திருந்தது. கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல் வலித்தது. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. திரையில் ஒரு மஞ்சள் கார் அடக்க ஒடுக்கமாக மலை ஏறிக்கொண்டிருந்தது.

மலைச்சாலையைப் படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கேமராவுக்கு ஏற்றம் தெரியாது. காரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் காரோடு சேர்ந்து அதுவும் சாய்கிறது. எது மட்டம், எது சரிவு என்று சொல்ல அடிவானமும் கிடையாது. நெஞ்சு அடைக்கிற மேடு திரையில் தர்மபுரி நேதாஜி பைபாஸ் ரோடு மாதிரி ஆகிவிடும். போதாததற்கு நான் குலுக்கலை நிறுத்தும் வசதியை வேறு போட்டு வைத்திருந்தேன். கல்யாண மண்டபப் பழக்கம். அது குழியையும் மேட்டையும் இஸ்திரி போட்டுத் தேய்த்துவிட்டது.

இரண்டாவது சுற்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். கண்ணாடி உயரத்தில் இருந்த கேமராவை முன் பம்பருக்கு இறக்கினேன். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அந்தக் காரில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். கேமராவை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கிவிட்டால், காலடியில் ஓடும் தார் மூன்று மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதாகத் தோன்றும். கார் அதே வேகம்தான். அப்புறம் அகலமான லென்ஸ். நடுவில் இருப்பதைத் தள்ளி வைத்து, ஓரத்தில் இருக்கும் மரத்தையும் தடுப்புச்சுவரையும் இழுத்து நம் முகத்தில் அடிக்கும். அப்புறம் ஷட்டர். நொடிக்கு 25 படம் எடுத்தால் ஒவ்வொரு படமும் நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓரங்கள் கோடு கோடாக இழுபடும். கண் அதைத்தான் வேகம் என்று நம்புகிறது. காலை வெயிலில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும். அதற்காக லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்.டி. ஃபில்டர், மாட்ட வேண்டும். வெயிலில் மாப்பிள்ளைக்குக் கூலிங்கிளாஸ் போடுவதுபோல என்று உதவிக்கு வந்த பையனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

கேமராவைத் தாங்கும் ஒட்டுப்பிடி கப்பைக் காரில் ஒட்டும் முன் பெயிண்டை ஈரத்துணியால் துடைத்தோம். கேமராவுக்கு ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வண்டியில் அசையாத இடமாகப் பார்த்து முடிந்தோம். இது வசதிக்காகச் செய்வதில்லை. மேல் வளைவில் கழன்ற கேமரா, கீழ் வளைவில் நடந்து போகிறவர் தலையில்தான் விழும். மைக்கைப் பின் பம்பருக்கு அடியில், புகைபோக்கிக் குழாயின் சூடு படாமல், முயல்தோல் மாதிரி இருக்கும் காற்றுத்தடுப்புக்குள் சுருட்டி ஒட்டினேன். காற்று பட்டால் மைக்கில் கேட்பது கார் சத்தமாக இருக்காது. முறத்தில் புடைக்கிற சத்தமாக இருக்கும்.

இரண்டாவது சுற்றைப் பார்த்ததும் அவர் என் தோளைத் தட்டினார். எனக்கே ஆச்சரியம். அதே கார், அதே ஆள், அதே சாலை. வேகமானியில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை. பிறகு வீட்டில் எடிட் செய்யும்போது இன்னும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தேன். நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து என்ற கணக்கில் ஓட்டத்தைக் கூட்டினேன். 40 என்பது 46 ஆகும். அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. கிளை அசைவதை உற்றுப் பார்க்கிறவருக்குத் தெரியும், ஆனால் யார் கிளையைப் பார்க்கிறார்கள்? அடித்தொண்டைச் சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றினேன்.

மூன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது, இரண்டு நிமிடம் பத்து நொடி ஆனது.

இடுப்புக்குத் தெரிந்தது

நான் அன்றைக்கு உண்மையில் எதை அனுபவித்தேன் என்று யோசித்தால், அது வேகமே இல்லை. நேர்ப்பாட்டில் அதிகபட்சம் 52 போனார். கொண்டை ஊசியில் 25, 28. இருபத்தைந்தா என்று இளக்காரமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டுக்கு வந்து பழைய பிளஸ் டூ இயற்பியலைத் தூசி தட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 கி.மீ. வேகத்தில் நம் உடல் எடையில் 40 சதவீதம் பக்கவாட்டில் தள்ளுகிறது. எழுபது கிலோ ஆளை 28 கிலோ மூட்டை ஒன்று கதவோடு சேர்த்து அமுக்குவதுபோல. 30க்கு ஏறினால் 60 சதவீதம் ஆகிவிடும். அதே வளைவில் 40 போனால் முழு உடல் எடையும் பக்கவாட்டில். சாலையில் ஓடும் சாதாரண டயர் அதற்கு ஈடுகொடுக்காது. பிடி விட்டுவிடும். ஆக, வத்தல்மலை கொண்டை ஊசியில் 300 குதிரைக்கு ஒரு வேலையும் இல்லை. 28க்கும் 40க்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிடுகிறது. டிவிஎஸ் எக்ஸெல்லும் போர்ஷேவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் அது.

அப்படியானால் அந்தக் காரில் என்னதான் இருக்கிறது? வளைவுக்கு முன்னால் இருக்கிறது. அவர் பிரேக்கில் கால் வைக்கும்போது வண்டியின் மூக்கு லேசாக அமுங்கும். முன் டயர்கள் தரையைப் பற்றுவது இடுப்புக்குத் தெரியும். அந்தப் பிடி இருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்புவார், திருப்பத் திருப்பப் பிரேக்கை இளக்குவார். அமுங்கிய மூக்கு மெல்ல நிமிரும், கனம் முதுகுப் பக்கம் வந்து உட்காரும், அப்போது ஆக்ஸிலரேட்டர். இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று சொல்ல முடியாது. நல்ல நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்கும் இடம் நமக்குத் தெரியாது இல்லையா, அந்த மாதிரி. வண்டியைப் பற்றி நிறையப் பெருமை பேசுகிறவர் என்று அவர்மேல் எனக்கு லேசான எரிச்சல் இருந்தது. இரண்டாவது சுற்றில் அது போய்விட்டது. மனிதர் நன்றாக ஓட்டினார்.

இதில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. எதைப் பம்பரில் ஒட்டினாலும் இடுப்புக்குத் தெரிந்தது லென்ஸுக்குத் தெரியாது. அது கேமராவின் குறை, என் குற்றமில்லை. என் குற்றம் வேறு. பிரேக் பிடிக்கும் நொடிகள் திரையில் தொய்வாக இருக்கின்றன. கார் தயங்குவதுபோலத் தெரியும். எனவே வளைவுக்கு வரும் கார், உடனே வளைவை விட்டுப் பாயும் கார், நடுவில் ஒரு வெட்டு. இருபதுக்கு மேற்பட்ட வளைவிலும் அப்படித்தான் வெட்டினேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை. கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியில் நடந்த சண்டையையும், தூக்கம் கெட்ட குழந்தையின் அழுகையையும் எந்தக் கை வெட்டுமோ அதே கை வெட்டியது.

பாட்டி கேட்ட கேள்வி

மூன்றாவது சுற்றில், இறங்கும்போது நடந்தது இது. மணி ஒன்பது இருக்கும். கீழ் வளைவில் நின்ற பையன், சாலை காலியாக இருக்கிறது என்று போனில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. இரண்டு வளைவுக்கு நடுவில் ஒரு குறுகலான நேர்ப்பாடு. ஒரு பக்கம் தடுப்புச்சுவர், மறு பக்கம் மலையை ஒட்டி வடிகால். எதிரே பொலேரோ பிக்கப் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு ஃபிரிட்ஜ் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தவிட்டு மூட்டைகள். அவற்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும். முதல் கியரில், ஏற்ற இறக்கமில்லாத ஒரே முனகலில் வந்தது.

நம்மவர் பிரேக்கை அழுத்தினார். நான் பெல்ட்டில் தொங்கினேன். வண்டி நின்றுவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிக்கப் நிற்கவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை, விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கவில்லை, நின்று முறைக்கவும் இல்லை. அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. அந்த லோடோடு அந்த மேட்டில் நின்றால் மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் பொசுங்கிவிடும், வண்டி பின்னால் உருளும். மலைச்சாலையில் இறங்குகிறவன்தான் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். 2017ஆம் வருடத்து வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காத எங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்வார். நம்மவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நொடிதான் யோசித்தார். ரிவர்ஸ் போட்டார். 

அந்தக் காரைப் பின்னோக்கி ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பின்கண்ணாடி ஒரு தபால்பெட்டி வாய் அளவுதான். மேலே துணிக்கூரை. தடுப்புச்சுவருக்கும் விலையுயர்ந்த பெயிண்டுக்கும் ஒரு சாண். வடிகாலில் சக்கரம் இறங்கினால் வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். அறுபது மீட்டர் தூரம் இருக்கும், மேல் வளைவின் அகலமான இடம் வரைக்கும். அவர் கழுத்தைத் திருப்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஏற்றினார். எங்கள் மூக்கைப் பார்த்தபடி பிக்கப் ஏறி வந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாங்கள் தயங்கினால் அங்கே முனகல் லேசாகத் தணிந்தது. நாங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஆனால் ஒரு நொடிகூட நிற்கவில்லை. முகம் தெரியாத அந்த டிரைவர், எங்களைக் கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போலிருந்தது. வளைவில் ஒதுங்கினோம். பிக்கப் உரசாமல் தாண்டியது. டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். சின்ன வயசு.

தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பாட்டி, எங்கள் தலைக்கு மேலே இருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருதான் போவ முடியுமா இதுல?" என்றார்.

"ஆமாங்க பாட்டி" என்றார் நம்மவர்.

"அவ்ளோதானா?" என்றார் பாட்டி. அதற்குள் பிக்கப் அடுத்த வளைவில் திரும்பிவிட்டது.

நம்மவர் என்ஜினை அணைத்தார். சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறும் சத்தம் கேட்டது. பிரேக் காய்ந்த வாடை உள்ளே வந்தது. ஆட்களோடு ஒன்றரை டன் வண்டி, 500 மீட்டர் உயரம் இறங்கினால் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவுக்குச் சூடு பிறக்கும். என்ஜின் தாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக் தலையில்தான் விழும். 25 டன் லாரி என்றால் முப்பது குடத்துக்கு மேல். தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரி, அந்த முப்பது குடத்தையும் பிரேக்கிலேயே கொதிக்க வைக்கப் பார்க்கிறது. அப்புறம் முன்னால் போகிற கார்களின் கதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது அப்பாவின் பாடம். எனக்கு மொபெட் கற்றுக் கொடுத்தபோதுகூட இதைச் சொன்னார். மொபெட்டில் கியரே கிடையாது.

இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. "அவரு நிறுத்தவே இல்ல, பாத்தீங்களா பிரதர்?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அவரும் நல்ல ஓட்டுநர் என்பதால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் மூன்று கேமராவில் இருக்கிறது. நாலு நிமிடம் இருபது நொடி. எடிட்டில் முதலில் வெட்டியது அதைத்தான். வாடிக்கையாளருக்கு வேண்டாத காட்சி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பிக்கப் படத்துக்குள் வந்ததும் சாலை எவ்வளவு குறுகல் என்று தெரிந்துவிடுகிறது. அகல லென்ஸை வைத்து நான் விரித்த பந்தலெல்லாம் அந்த ஃபிரிட்ஜ் பெட்டி வந்து நின்றதும் சரிந்துவிடுகிறது.

மாமா, எண்பதா?

வீடியோ நன்றாகப் போயிற்று. ஓசூர்க்காரர் பேசிய பணத்துக்குமேல் கொடுத்தார். எனக்கு இன்னும் இரண்டு கார் வேலை வந்தது. அக்கா பையன் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கையில் பழைய 150 சிசி பைக் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, அந்த ரைட் திரும்பறது இருக்குதில்ல, சுவத்த ஒட்டி, அதுல எவ்ளோல போனீங்க? எண்பது?" 

"இருபத்தெட்டு" என்றேன். 

"சும்மா சொல்லாதீங்க மாமா." 

பம்பர், லென்ஸ், கறுப்புக் கண்ணாடி, நூற்றுப் பதினைந்து எல்லாவற்றையும் விளக்கினேன். தலையாட்டினான். மாமா ரகசியத்தை மறைக்கிறார் என்ற பார்வை மட்டும் மாறவில்லை. அவனும் அவன் கூட்டாளிகளும் அடுத்த வாரம் வத்தல்மலை போகிறார்களாம். ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா ஒன்றை எங்கேயோ இரவல் வாங்கியிருக்கிறார்கள். நான் அக்காவிடம் சொன்னேன், அக்கா மச்சானிடம் சொன்னாள், சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் போனானா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த மாதிரி ஒரு ராத்திரிதான் ஹார்டு டிஸ்க்கை எடுத்து மறுபடி உட்கார்ந்தேன். மன உறுத்தலைத் துடைக்க என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம்தானே இருக்கிறது என்று தோன்றியது. ஓட்டத்தை நூற்றுக்கு இறக்கினேன். ஏற்றிய சத்தத்தை இறக்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் திரும்பச் சேர்த்தேன். பிக்கப் வந்த நாலு நிமிடம் இருபது நொடியை அப்படியே வைத்தேன், ஒரு வெட்டும் இல்லாமல். பதினொரு நிமிடம் வந்தது. பொறுமையாகப் பார்த்தால், மூக்கு அமுங்குவது சில வளைவுகளில் தெரிகிறது. தேடிப் பார்க்க வேண்டும்.

ஓசூர்க்காரருக்கு அனுப்பினேன். கட்டை விரல் ஒன்று வந்தது. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "இது வீட்டுல பாக்க நல்லாருக்கு பிரதர்" என்றார். வெளியே எங்கேயும் போடவில்லை. மருமகன் என் முன்னாலேயே போனில் கட்டை விரலால் தட்டித் தட்டிப் பத்துப் பத்து நொடியாகத் தாண்டி, ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டான்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் அவருடைய வலது கால் திண்ணைத் தரையில் லேசாக அழுந்தியதைப் பார்த்தேன். பிக்கப் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாண்டிப் போனதும், "கொஞ்சம் பின்னாடி தள்ளு" என்றார். தள்ளினேன். மறுபடி பார்த்தார். மறுபடி தள்ளச் சொன்னார்.

"ஃபர்ஸ்ட்லயே ஏத்துறான் பாரு. ஒரு எடத்துல கூட கிளட்சு மிதிக்கல. பின்னாடி ஆளு வேற. யாருடா இந்தப் பையன்?"

"தெரியலப்பா."

"பேரு கேக்கலியா?"

கேட்கவில்லை.